டீ குடிக்கிற டிரைவரும் என் புகாரும்

பேகம்பூர், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஃபாயிஸாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் நானும் உன் அத்தாவும் நல்ல சுகம், அந்தப் பெர்லின் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். ஃபோனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு ஷைனியிடம் கொடுத்து இதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். அத்தாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை, தோல் மண்டிக்கு நடந்தே போய் வருகிறார். அங்கே யாராவது வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், அவ லாரியில லோடு ஏத்திக்கிட்டு இருக்கா என்கிறாராம், கேட்டவர்கள் முழிக்கிறார்களாம். கிண்டல்தான், ஆனால் அது கம்ப்யூட்டர் விளையாட்டு, அந்த லாரி விளையாட்டைச் செய்தது என் மக என்று அடுத்த வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறாராம்.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஆறு மாதமாக நான் விளையாடாத இலவச விளையாட்டு இல்லை. மாத்திரை அட்டையைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துக் கற்றவள் நான், பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு இருபத்துமூன்று விளையாட்டுக்கும் குறிப்பு வைத்திருக்கிறேன். பேர், எத்தனை விளம்பரம், நடுவில் எழுந்து போனால் என்ன ஆகிறது, இவ்வளவுதான். கலர் பந்து உடைக்கிறது நல்ல விளையாட்டு, கை நடுங்குகிறவர்களும் ஆடலாம், ஆனால் மூன்று பந்துக்கு ஒரு விளம்பரம், மூடுகிற பெருக்கல் குறி கடுகு அளவுக்கு இருக்கிறது, குறி தவறினால் சீட்டாட்டக் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, அஸ்தக்ஃபிருல்லாஹ். கேக் கடை விளையாட்டில் வாடிக்கையாளருக்குச் செத்த நேரம்கூடப் பொறுமை கிடையாது, முகம் சிவந்து போய்விடுவார்கள். இன்னொன்றில் தோற்றால், முப்பது நொடி விளம்பரம் பார், ஓர் உயிர் தருகிறேன் என்கிறான். உயிர் கொடுக்கிறவன் ஒருவன்தானே, இவன் யார் என்று அன்றைக்கே மூடிவிட்டேன். இலவசம் என்று சொல்லிவிட்டு மனுஷனுடைய நேரத்தை இம்புட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உன்னுடைய சந்தை லாரி அப்படியில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் நின்று பார்த்த மாதிரி தக்காளிப் பெட்டி, காலிஃபிளவர் மூட்டை, நீட்ட நீட்டமாக முருங்கைக்கட்டு. முருங்கையை முதலில் ஓரமாகப் படுக்கப் போட்டுவிட்டால் மிச்சம் தானாக அமைந்துவிடும் என்று ஷைனிக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், முப்பதாவது லாரியைத் தாண்டவில்லை. நான் நாற்பத்தொன்றைத் தாண்டிவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதற்குக் கோபப்படாதே. பாங்கு சொன்னதும் நான் எழுந்து தொழப் போவேன், வந்து பார்த்தால் லாரி அப்படியே நிற்கும், டிரைவர் இறங்கி டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பான். நான் ஹாரனை அமுக்கினால்தான் ஏறுவான். லுஹருக்குப் போய் வந்தாலும் டீ, அஸருக்குப் போய் வந்தாலும் டீ. மற்ற விளையாட்டெல்லாம் நான் இல்லாமலே ஓடித் தோற்றிருக்கும், இது நிற்கிறதே, பிள்ளை செய்ததில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். உன்னிடம் நேரே சொன்னால் மனசு நோகும், யாரோ விளையாடுகிறவர் சொன்னதாகப் போனால் நீயே சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவாய் என்று, ஷைனியை விட்டு அடியில் கருத்து எழுதுகிற பெட்டியில் இங்கிலீஷில் எழுதவைத்தேன். டிரைவர் இருபது நிமிஷமாக டீ குடிக்கிறார், விளையாட்டு நின்றுபோகிறது, சரிசெய்யவும் என்று. பேர் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ ஃபோனில், இந்தியாவிலிருந்து யாரோ ஒருவர் புகார் எழுதியிருக்கிறார், அதைக் காட்டி நான் வேலை பார்க்கிற கம்பெனியில் டீக்கடையை எடுத்துவிட்டு நேரம் ஓடவிடு, நின்றால் விளம்பரம் போடு என்கிறார்கள், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றாய். அந்த டீக்கடையை ஒரே ஓர் ஆளுக்காகத்தான் வைத்தேன்மா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். புகார் என்னுடையது என்று தெரிந்துவிட்டது, யார் அந்த ஆள் என்றுதான் இரண்டு நாளாகப் புரியவில்லை. நேற்று அஸர் பாங்குக்கு எழுந்தவள் அடுப்பில் பால் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நீ ஆறாவது படிக்கும்போது, நான் தொழுது முடிக்கிற வரைக்கும் அடுப்பைச் சிம்மில் வைத்து, யாரும் சொல்லாமலே பால் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருப்பாயே, அதே பிள்ளைதானே நீ. எனக்காக ஒரு லாரியையே நிறுத்தி வைத்திருக்கிறாய், நான் அதைக் கோளாறு என்று எழுதியிருக்கிறேன். தொழுத இடத்தை விட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அழுகை பாதி, பெருமை பாதி.

ஆகவே அந்தப் புகார்க்காரி நான்தான். பழையதை ஷைனியை விட்டு அழிக்கச் சொன்னேன், முடியவில்லை. அதற்குக் கீழே நானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தமிழில், என் பேரும் ஊரும் போட்டு எழுதிவிட்டேன். மேலே உள்ள புகார் என்னுடையது, தவறு, இருபத்துமூன்று விளையாட்டில் என்னை மதித்துக் காத்திருந்தது இது ஒன்றுதான் என்று. இந்தக் கடிதத்தையும் அந்தக் கம்பெனிக்காரர்களுக்குப் படித்துச் சொல். விளம்பரம் வைக்கட்டும், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, லாரி கிளம்பிப் போன பிறகு வைக்கட்டும், அதை முழுசாகப் பார்க்க நான் தயார். அடுப்பில் வேலை இருக்கிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள், நோயாளியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும்தான் விளையாடுகிறார்கள் என்று நிதானமாகச் சொல். அப்படியும் கேட்காவிட்டால் அந்த விளையாட்டிலிருந்து உன் பேரை எடுத்துவிட்டு, வேலையை விட்டு வந்துவிடு, அதற்காக நானும் அத்தாவும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம்.

அல்லாஹ் உன் கைவேலையில் பரக்கத் தரட்டும், உன் நாவுக்குத் தைரியம் தரட்டும். காதை மூடிக் குல்லா போடு, ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு வேளையாவது சோறாக்கிச் சாப்பிடு. திங்கட்கிழமை மறக்காதே. இதோ மஃரிப் பாங்கு சொல்கிறார்கள், நாற்பத்திரண்டாவது லாரியைப் பாதி லோடில் விட்டுவிட்டு எழுந்து போகிறேன். டிரைவர் டீ குடிக்கட்டும்.

உனக்காகக் கையேந்தும் அம்மா,
ஜெய்தூன் பீவி