சமையலறைச் சாவி

செப்டம்பர் 12, 1987. சனி

முதுகு விட்டுப்போகிறது. எங்கள் ஊனமுற்றோர் இல்லத்தில் ஏழு பேருக்கும் குளியல் முடித்து நிமிர்ந்தபோது மணி பதினொன்று. கமலா அதே பேச்சோடு காத்திருந்தாள். எதிர்த்தெருவில் விவசாயி ராமசாமிக்குச் சொந்தமான சிறிய வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம். அவளும் சாலம்மாளும் அங்கே தனியாகக் குடிபோக வேண்டுமாம், தாங்களே சமைத்துச் சாப்பிட வேண்டுமாம்.

கமலாவுக்குப் பிறவியிலிருந்தே கை நடுக்கம், நாக்கும் குழறும். ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்தால் பாதி தரையில். சாலம்மாள் கல்வராயன் மலைக்காரி, ஆள் திடம், ஆனால் விவரம் பத்தாது. இந்த இரண்டும் குடித்தனம் பண்ணப் போகிறதுகளாம்! போன வருஷம் கமலாவின் பாவாடையில் தீப்பிடித்ததே, அதை இந்தக் கையால்தானே அணைத்தேன்? அன்றிலிருந்து சமையலறைக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில்.

செப். 14. திங்கள்

இல்லத்துச் செயலாளர் தீனதயாளனிடமிருந்து கடிதம். கமலா யாரையோ விட்டு எழுதி அவருக்கு மனுப் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல்! 'இருவரும் தனித்து வாழ முடியுமா? உங்கள் கருத்துப்படியே முடிவு' என்று கேட்டிருக்கிறார்.

எட்டு வருஷம் மலம் மூத்திரம் அள்ளியவள் நான்.

முடியாது என்று எழுதிவிட்டேன். நாலே வரி. புதன்கிழமை சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சி போகும்போது அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

செப். 17. வியாழன். கள்ளக்குறிச்சி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் இன்றைக்குத்தானே, நேற்று பஸ் ஓடும் என்று நம்பி வந்தேன். சாயங்காலமே பஸ்ஸையெல்லாம் ஷெட்டில் விட்டுவிட்டார்கள். செயலாளர் ஊரிலேயே இல்லை. நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக்கடை காஜா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அவர் மனைவி ஷர்புன்னிசா தங்கமான மனுஷி.

போன தடவை ஒரே நாளில் முடிந்தது. இந்தத் தடவை ஒரு வாரமாம்.

சமையலுக்கு வரும் சின்னப்பொண்ணும் வெளியூர். பஸ் இல்லாமல் அவளாலும் வர முடியாது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சாவி.

செப். 18

அரிசி, அடுப்பு, தீப்பெட்டி எல்லாம் உள்ளே. நானே பார்த்துப் பார்த்து வாங்கிய பூட்டு, லேசில் உடையாது. ஐயோ, ஏழு பேர்.

செப். 19

மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்களாம். எங்கேயோ போலீஸ்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்கிறார்கள். ஷர்புன்னிசா சொன்னாள்: "அவங்க பங்க அவங்க கேக்கறாங்க. கேக்காம யாரு குடுக்கறாங்கக்கா?"

கடிதம் பைக்குள்ளேயே இருக்கிறது.

செப். 20

ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தேன்.

செப். 22. செவ்வாய். இல்லம்

நேற்று விடிந்ததும் நடக்க ஆரம்பித்தேன். "பத்துப் பன்னெண்டு மைலு, உன்னால ஆவாதும்மா" என்று காஜா தடுத்துப் பார்த்தார். வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. காவலுக்கு நின்ற ஆள், "எங்கம்மா போய்க்கினு இருக்க?" என்றான். "கை கால் முடியாதவங்க ஏழு பேரு பட்டினிப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவனே கை கொடுத்து மரத்தைத் தாண்டிவிட்டான்.

வந்து சேர்ந்தபோது மத்தியானம். கூடத்தில் ஒருத்தரும் இல்லை. கொல்லையில் புகை. உயிரே போய்விட்டது. ஓடினேன்.

மூன்று கல், அதன்மேல் யாருடையதோ பெரிய பானை. சாலம்மாள் குந்தி விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கை தூரத்தில் கமலா. "வெறவ இழு சாலா, பொங்குது பாரு." மற்ற ஐந்து பேரும் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குளித்த தலைகள்.

ராமசாமி பிடுங்கிப் போட்ட மரவள்ளிக்கிழங்கு, லாரி வராமல் குவிந்து கிடக்கிறது. முதல் நாள் அவர் வீட்டிலிருந்து கூழ் வந்ததாம். மறுநாள் கமலா போய், "கூழு வேணாங்க, கெழங்காவே குடுங்க, நாங்க அவிச்சிக்கிறோம்" என்றிருக்கிறாள். சாலம்மாள் கொட்டாங்குச்சியில் நெருப்பு வாங்கி வந்து, அன்றிலிருந்து அணையவிடவில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? கோபம்தான் வந்தது. கமலாவின் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் தெரிந்தது. "பாத்தியா! இதுக்குத்தாண்டி சொன்னேன்!" என்று கத்தினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். "உங்க கையில எத்தினி தழும்பு இருக்குதுக்கா? அதுக்காவ ஒங்கள யாராச்சும் வெளிய வெச்சிப் பூட்டினாங்களா?"

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. எப்போதும் பாதியிலேயே "சரி, சரி" என்று நகர்ந்துவிடுவேன். நேற்று நகரக் காலில் தெம்பில்லை. அதனால் முழுக்கக் கேட்டேன்.

"துன்னுக்கா" என்று சாலம்மாள் தட்டை நீட்டினாள். உப்பு ஜாஸ்தி. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

செப். 25. வெள்ளி

தபால் ஓடுகிறது. பழைய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு வேறு எழுதினேன். 'முடியும். அடுப்பு தாழ்வாக, உட்கார்ந்து சமைக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.'

எழுதிய பிறகும் பயம்தான்.

அக்டோபர் 14. புதன்

போய்விட்டார்கள். இரண்டு பாய், நாலு பாத்திரம். கமலா வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பூட்ட எனுக்குக் குடுங்கக்கா." சாவியோடு கொடுத்தேன். இடுப்பு காலியாக இருக்கிறது. கை அடிக்கடி அங்கே போகிறது.

நவம்பர் 8. ஞாயிறு

காலையில் கத்தரிக்காய்க் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். கதவில் என் பூட்டு. ராமசாமி, "சங்கராபுரம் போயிருப்பாங்க. எங்கிட்ட சொல்லிக்கினா போறாங்க?" என்று சிரித்தார். என்னிடமும் சொல்லவில்லை. சுருக்கென்றது. ரோட்டை எப்படித் தாண்டுவார்கள், பஸ் படி ஏறுவாளா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு குழம்போடு திரும்பி வந்தேன்.

சின்னப்பொண்ணு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டாள். சாப்பிட்டுப் படுத்தவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டேன். பகலில் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று? கண் விழித்தால் மணி நாலரை.

தலைமாட்டில் ஒரு தம்ளர் டீ, தட்டு போட்டு மூடியிருந்தது. சமையலறையிலிருந்து என் பாய் வரைக்கும் தரையெல்லாம் சொட்டுச் சொட்டாக டீ. தம்ளரில் பாதிதான் இருந்தது.

குடித்தேன். சூடு ஆறவில்லை.