கயிறு கட்டிய மூன்றாம் நாள்

நண்பா,

ஆய்வறிக்கை இன்று காலை தபாலில் வந்தது. பிரித்ததும் புது அச்சு மையின் வாசனை அடித்தது. குடிநோய்க்கான சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் நான் கேட்டு எழுதிய ஆய்வுதான். அதில் நீயும் இருக்கிறாய், 'குடியை நிறுத்தியவர்கள், சிகிச்சை தேவையில்லை' என்ற தலைப்பின் கீழ். நீ செத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

உன் வீட்டுக்கு நான் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சுண்ணாம்புக்கல் லாரிக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாய். "வாங்க ஆபீசர் சார், ஒரு வழியா நம்ம வூட்டுக்கும் வந்துட்டீங்களா?" என்று கிண்டல் செய்தாய். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதிவிட்டு என்னைவிட அதிக மார்க் வாங்கியவன் நீ. அந்தத் திமிர் கடைசிவரை போகவில்லை. பிறகு மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாய். மஞ்சள் கயிறு.

"ஞாயித்துக்கெழம கோயில்ல கட்டிக்கிட்டேன்டா. இனி தொட மாட்டேன்."

நம் பக்கத்தில் குடியை விட நினைப்பவன் முதலில் போகிற இடம் அதுதானே. பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டால் அன்றோடு விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் மருந்து தேடிப் போனால் சாமியை நம்பவில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்விட்டு வா என்று பேச்சுக்குச் சொன்னேன். "கயிறே கட்டியாச்சு, மாத்திரை எதுக்குடா?" என்றாய்.

என் படிவமும் அதையேதான் சொன்னது. 'இப்போது குடிக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் மற்ற பக்கங்களை விட்டுவிட்டு நேராகக் கையெழுத்துக்குப் போகலாம். பேனாவை வாங்கினாய். கை நடுங்கியது. "என்னடா, பொண்ணு பாக்க வந்த மாதிரி நடுங்குற?" என்று சிரித்தேன். தினமும் குடித்தவன் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து என்று பயிற்சியில் டாக்டர் சொன்னதைக் கேட்டவன்தான் நான். கேட்டு என்ன பிரயோசனம்? சந்தோஷத்தில் உன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அன்று மத்தியானமே சுவரில் பூச்சி ஊர்கிறது என்று நீ கத்தியிருக்கிறாய். உன் மனைவி பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "குடிக்குப் பாக்குற டாக்டர் வியாழக்கெழமதான் வருவாரு, அன்னிக்கு வாங்க" என்று சீட்டு எழுதும் இடத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். குடிகாரன் என்றதும் உன் நாடியைத் தொட்டுப் பார்க்கக்கூட அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் வலிப்பு வந்து விழுந்தாய். போதையில் ஆடுகிறான் என்று யாரோ திட்டினார்களாம். ஊரில் பஸ்ஸிலிருந்து உன்னை இறக்கும்போது மூச்சு இல்லை.

நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரே ஒரு கேள்வியை அடுத்த சுற்றுப் படிவத்தில் சேருங்கள் என்று போன மாதக் கூட்டத்தில் கெஞ்சினேன். "அது இந்த ஆய்வோட நோக்கத்துல வராது தம்பி" என்றார் தலைமை ஆய்வாளர். சிகிச்சை கிடைக்காமல் செத்தவன் வராத நோக்கம் என்னய்யா நோக்கம்? கேட்டிருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவர் மேல் இருக்கிற ஆத்திரத்தைவிட என் மேல்தான் அதிகம்.

இப்போது அடுத்த சுற்றுக்குப் போகிற வீடுகளில் கயிறு கட்டிய கையைப் பார்த்தால் படிவத்தை மூடிவிடுகிறேன். "எத்தன நாள் ஆச்சுங்க? கைய நீட்டுங்க பாப்போம்." நடுங்கினால் நானே கூட்டிப்போகிறேன். போன வாரம் அரும்பாவூர்க்காரர் ஒருவரை அப்படித்தான் கொண்டுபோய், படுக்கை கொடுக்கும்வரை கத்தினேன். பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உன் நடுக்கத்தைப் பார்த்துச் சிரித்தவன் நான் என்று அவளிடம் எப்படிடா சொல்வேன்?