வெள்ளிக்கிழமை லொறி



ஸுலைஹாவின் வாப்பாவுக்கு,

கூடப்பிறந்த ராத்தாவைப் பார்க்கத் தெரணியகலைக்குப் போகிறேன். சோறும் பலாக்காய்க் கறியும் மூடி வைத்திருக்கிறேன். லொறியை வாங்க வரும் கபூர் முதலாளிக்குத் தேத்தண்ணி கொடுங்கள்.

“ஓடாத லொறி ஊட்டுக்கு என்னத்துக்கு புள்ள?” என்று கேட்டீர்கள். என் வாப்பா விட்டுப்போன அந்த லொறி அதிகம் ஓடவில்லைதான். ஆனால் மழை ஈரத்தில் எஞ்சின் இறுகாதிருக்க, வெள்ளிதோறும் நீங்கள் ஜும்ஆவுக்குப் போனதும் நான் முன்னால் நின்று ஹேண்டலைச் சுற்றி, சூடாகும்வரை ஓடவிடுகிறேன். ஹேண்டல் திருப்பி அடித்தால் விரல் முறியாதிருக்க, வாப்பா காட்டியபடி பெருவிரலை மடக்காமல்தான் பிடிப்பேன், பயப்படாதீர்கள்.

பி.கு.: முதலாளி ஓட்டிப் பார்க்கக் கேட்பார். ஹேண்டல் இல்லாமல் அது கிளம்பாது. அதை என் பெட்டியில் எடுத்துப் போகிறேன்.