பெண் கேட்டு வந்த போன் அல்ல

அன்புள்ள அப்பாவுக்கு,

புளி உலுக்கி முடிந்ததா?

திங்கட்கிழமை உங்களுக்குப் போன் செய்தவர் கம்பெனிக்காரர். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் எனக்குக் கிடைத்த வேலைக்காக விசாரித்திருக்கிறார். "எம் பொண்ணுக்குக் காது நல்லா கேக்கும்ங்க, ஒரு கொறையும் இல்ல" என்றீர்களாம். பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிற அதே பதில். வந்தது வரன் அல்ல அப்பா, வேலை.

என் சான்றிதழே பொய்யோ என்று இப்போது சந்தேகப்படுகிறார்கள். பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவு தேவயானி மேடம் இதை எழுதிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேடம் கூப்பிடுவார். கம்பெனிக்காரரும் கூட இருப்பார். சிக்னல் கிடைக்கிற மேட்டில் நில்லுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் சொல்வது என் காதில் விழாது. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

உங்கள் மகள்