முப்பது மில்லிமீட்டர்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஏழரைக்கே ஸ்கூடாய்ப் பட்டறையை விட்டுக் கிளம்பியும் ரெங்கம் ஊருக்குப் போய்ச் சேர ஒன்பதேகால். லாரிகளுக்குத் தனி ரோடு போட்டால் என்ன?

தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பு. சக்கர நாற்காலிக்கு அளவெடுக்க வேண்டியது ஒரே பிள்ளைக்குத்தான். லோஷினி, ஏழு வயது, முதலாம் ஆண்டு. பிறந்ததிலிருந்தே கைகால் தசைகளில் விறைப்பு. மூளை படு சுறுசுறுப்பு. வாய் அதைவிட.

வகுப்பாசிரியை தனலெட்சுமி டீச்சர் விளக்கினார். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதச் சோதனைக் காலம். ஏப்ரல் 10-க்குள் லோஷினி இரண்டு பாடவேளை உட்கார்ந்து காட்ட வேண்டும். ஓய்வு நேரத்தில் தானே சாப்பிட வேண்டும். இல்லையென்றால் இடம் கிடையாது.

"வீட்டுலதான் இருக்கணும் தம்பி. படிக்க முடியலன்னு இல்ல, உக்கார முடியலன்னு."

இது கல்விப் பிரச்சினையே இல்லை. இயந்திரப் பிரச்சினை. என் துறை.

வகுப்புக்கு வெளியே நடைவழியில் உட்கார வைத்து அளவெடுத்தேன். பத்தே நிமிடம்.

"கலர் என்ன அண்ணே?"

"சாம்பல்."

"குப்பத்தொட்டி மாதிரியா?"

"சாம்பல்தான் ஸ்டாக்ல இருக்கு."

"அப்ப ஸ்டாக்க நீங்களே வெச்சுக்குங்க லா."

மஞ்சள் என்று எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 12

நாற்காலிச் சட்டம் பற்றவைத்தாயிற்று. ஒரு பிசிறு இல்லை. இதை யாரும் கவனிக்கப் போவதும் இல்லை.

பிப்ரவரி 25, புதன்

நாற்காலியைக் கொடுத்தாயிற்று. நடைவழியிலேயே உட்கார வைத்துப் பார்த்தேன். இடுப்பு தொண்ணூறு பாகை, முட்டி தொண்ணூறு, பாதம் கால்பலகையில் சமமாக. முதலாளி கமலநாதனுக்குப் படம் அனுப்பினேன். முடிந்தது.

மார்ச் 4, புதன்

டீச்சர் போன் செய்தார்.

"புள்ள சறுக்கிக்கிட்டே போறா தம்பி. பத்து நிமிஷம் தாங்கல. கரண்டி புடிக்கிற கை அப்படியே இறுகிப் போவுது."

"பெல்ட்ட ஒழுங்கா போடுங்க டீச்சர். அளவெல்லாம் சரி."

"அளவு சரியாத்தான் இருக்கும். புள்ள சரியா இல்லையே."

வைத்துவிட்டார். வரைபடத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். பிழை இல்லை. பிறகு நான் ஏன் போக வேண்டும்?

மார்ச் 6

நான்காவது தடவையும் பார்த்தேன். இல்லவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

கமலநாதன்: "வரைபடமாடா அங்க உக்காரப் போவுது? போய்ப் பாரு."

மார்ச் 10, செவ்வாய்

எரிச்சலோடுதான் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வகுப்பின் மூலையில் உட்கார்ந்தேன். உதவியாளர் ரம்ஜான் பீவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். குனிந்தார். லோஷினியின் சப்பாத்தைக் கழற்றி அடுக்கில் வைத்தார். உள்ளே தள்ளினார்.

பாதம் தொங்கியது.

கட்டைவிரல் பலகையைத் தேடுகிறது. எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தேடுகிறது, இடுப்பு முன்னால் நழுவுகிறது, உடம்பு விறைக்கிறது, கை இறுகுகிறது. அவ்வளவுதான் விஷயம். அவளுடைய சப்பாத்தின் அடி முப்பது மில்லிமீட்டர் தடிமன். அளவெடுத்தது சப்பாத்தோடு. உட்கார வைத்துப் பார்த்ததும் சப்பாத்தோடு. இங்கே எந்தப் பள்ளியில் இந்த மாதிரி வகுப்புக்குள் சப்பாத்தோடு போவார்கள்? இப்போதுதானே நானே கழற்றினேன்! மடையா, மடையா.

"சப்பாத்தோடவே உள்ள வரட்டுமே" என்று முனகினேன்.

"எல்லாரும் கழட்டுறாங்க, நான் மட்டும் போட்டுக்கவா? நான் என்ன இன்ஸ்பெக்டரா?" என்றாள் லோஷினி.

அலமாரியிலிருந்து நான்கு பயிற்சி நூல்களை எடுத்து அவள் காலடியில் வைத்தேன். வகுப்பே "ஐயோ!" என்று கத்தியது. லோஷினி இரண்டு காலையும் வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

"ஏம்பா, புத்தகத்துமேல கால வைக்கத்தான் யுனிவர்சிட்டில படிச்சியா? எடு எடு!" என்றார் ரம்ஜான் பீவி.

கடைசியில் ஒரு பழைய ரப்பர் விரிப்பை வெட்டி, மூன்று மடிப்பாக மடித்து, டேப் ஒட்டினேன். பாதம் பதிந்தது. பத்து நிமிடம். இருபது. ரம்ஜான் பீவிக்கு நோன்பு. பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் மீஹூன் சேமியாத் தட்டை அவள் முன்னால் வைத்தார். கரண்டி ஏறியது. பாதி வாயில், பாதி தாடையில். அடுத்த கரண்டி முழுசாக வாயில்.

"பெல்ட் காரணமில்ல டீச்சர். என் தப்பு."

"சரி. நீ சாப்பிட்டியா?" என்றார் டீச்சர்.

மார்ச் 13, வெள்ளி

கால்பலகையில் கீல் வைத்து ஒரு மரக்கட்டை பொருத்தினேன். சப்பாத்து இருந்தால் கட்டை மடங்கிக்கொள்ளும். வெறுங்கால் என்றால் நிமிர்த்திக்கொள்ளலாம். ரம்ஜான் பீவி நாலைந்து தடவை நிமிர்த்தி மடக்கிப் பார்த்தார்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?"

செய்திருக்கலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று லோஷினியைப் பார்க்கக் குழு வருகிறது. டாக்டர், கல்வி அதிகாரி, இன்னும் யார் யாரோ. என்னைக் கூப்பிடவில்லை, எதற்குக் கூப்பிட வேண்டும்? துளை போட்ட இடத்திலேயே மறுபடி துளை போட்டேன். ஒரு பலகை பாழ்.

இரண்டு மணிக்கு டீச்சரின் குரல்பதிவு: "ரெண்டு பாடமும் உக்காந்தா தம்பி. மீஹூன தானே சாப்ட்டு முடிச்சிட்டு, டாக்டர்கிட்ட 'உங்களுக்கும் வேணுமா'ன்னு கேட்டா. முடிவு அடுத்த வாரம்."

அடுத்த வாரமா! ஒரு கையெழுத்துப் போட ஒரு வாரமா?

ஏப்ரல் 14

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

ரெங்கத்திலிருந்து பட்டறைக்கு ஒரு வேலைச் சீட்டு. டீச்சரின் கையெழுத்து: "லோஷினி. பிள்ளை வளர்ந்துவிடுவாள், ஜனவரியில் மறுபடி அளவெடுக்கவும். அப்போது வகுப்பு: இரண்டாம் ஆண்டு."

"இதுக்கு யாரு போறது?" என்று கமலநாதன் கேட்டு முடிப்பதற்குள் என் பெயரை எழுதிவிட்டேன்.