கேமரா முகத்துக்குப் போகும் இடம்

நேற்று என் மகள் ஃபோனை நீட்டி, "அப்பா, நீங்க திட்டிக்கிட்டே இருப்பீங்களே, அந்த ஆளு இவரா பாருங்க" என்றாள். அவரேதான். முடியெல்லாம் கொட்டிக் கிழவராகி, அதே பழைய ராக் பாட்டுக்கு பேஸ் கிட்டார் வாசிக்க மறுபடியும் சொல்லிக்கொடுக்கிறார். வீடியோ கேசட்டில் பேஸ் சொல்லிக்கொடுத்து நம் உயிரை வாங்கியவர். நீ உயிரோடு இருந்திருந்தால் அப்போதே பொழிச்சலூரில் உன் வீட்டுக்கு வண்டியை விட்டிருப்பேன், மச்சான். இப்போது யாரிடம் போய்க் காட்டுவது?

துபாயிலிருந்து உன் மாமா அனுப்பிய கேசட் அது. குரோம்பேட்டையில் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு டிவியில் போட்டோம். டிவியிலும் சரி, அந்தப் பாட்டைப் போட்ட உன் டேப்ரெக்கார்டரிலும் சரி, அந்தச் சின்ன ஸ்பீக்கர்களில் எல்லாம் கேட்கும், பேஸின் தாழ்ந்த ஒலியைத் தவிர. நீ டிவியின் மரப்பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு, "லைட்டா அதிருது மச்சான்" என்பாய். வேறு வழியில்லாமல் அவர் விரலைப் பார்த்தே கற்றோம். அதற்கும் எமனாக வாய்த்தான் அந்தக் கேமராக்காரன். பாட்டின் நடுவில் ஓரிடத்தில், சொல்லிவைத்தாற்போல் கேமரா அவர் முகத்துக்குப் போய்விடும். மனிதர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பார். மறுபடி கை தெரியும்போது விரல் வேறெங்கோ இருக்கும். ரீவைண்ட் செய்தால் மறுபடியும் அதே முகம்.

"டெக்கு எடுத்தா ஒரு படம் பாக்கலாம்னு நெனச்சேன். இவன் மூஞ்சிய எத்தனை வாட்டிடா பாப்பீங்க?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

தெரியாததை வாசிக்க எனக்கு மனம் வராது. அந்த இடம் வந்தால் கையை எடுத்துவிடுவேன். நீ உன் இஷ்டத்துக்கு ஏதோ வாசித்து நிரப்புவாய். "மூஞ்சி வந்தா பாட்டு நிக்குதா என்ன?" என்பாய். "அது தப்புடா" என்றால், "நீ பாத்தியா?" என்பாய். பார்க்கவில்லைதான். அதுதான் எரிச்சல்.

தாம்பரத்தில் ஒரு ராக் குழுவுக்கு பேஸ் வாசிக்க ஆள் தேடினார்கள். இருவருமே போனோம். எனக்கு அந்த வாய்ப்பு எப்படியாவது கிடைக்க வேண்டும் என்றிருந்தது. உன் கிட்டாரில் முதலில் நான், அந்தப் பாட்டையே பிசிறில்லாமல் வாசித்தேன். அந்த இடம் வந்ததும் கையை எடுத்தேன். அடுத்து நீ, உன் கட்டுக்கதையை வாசித்துக்கொண்டு நிற்காமல் போனாய்.

"அவன் நின்னுட்டான்பா. இவன் தப்போ ரைட்டோ, போய்க்கினே கீறான்" என்றான் டிரம்ஸ்காரன். உன்னை எடுத்துக்கொண்டார்கள்.

உன்னோடு ரயிலேறப் பிடிக்காமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தே வீடு வந்தேன். நீயோ மறுநாளே ஒன்றும் நடக்காதது போல கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். அதற்கும் சேர்த்து உன்மேல் கோபம்.

நேற்றைய வீடியோவில் கேமரா விரலை விட்டு நகரவே இல்லை. அந்த இடம் வந்தது. மனிதர் ஒன்றுமே வாசிக்கவில்லை. சும்மா கையை நகர்த்திக்கொண்டார். அவ்வளவுதான். அங்கே வாசிக்க ஒன்றுமே கிடையாது. தெரியாமல் நிறுத்திய நான்தான் சரியாக வாசித்தவன்.

உன் மனைவி கொடுத்தனுப்பிய உன் கிட்டார் இப்போது இங்கேதான் இருக்கிறது. காலையில் எடுத்து வாசித்தேன். அந்த இடத்தில் கையை எடுக்கத்தான் நினைத்தேன். விரல் கேட்கவில்லை. நீ இட்டுக்கட்டியதை அப்படியே வாசித்துவிட்டுப் போனது. மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதேதான்.

"தப்புடா" என்று வாய்விட்டே சொன்னேன். "நீ பாத்தியா?" என்று கேட்க நீ இல்லை.

பார்த்துவிட்டேனடா. இப்போது பார்த்துவிட்டேன்.