பன்னிரண்டு பச்சை வரிசைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், வயலில் நிற்கும் சர்க்கரை பீட்ரூட்தான் அவ்வளவு சுகமில்லை. நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும். நேற்றுக் காலை வாங்கிய அதிர்ச்சி இன்னும் தீரவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெயில் ஏறின பிறகு களைக்கொல்லி அடிக்காதீர்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாய். நான்தான் மேதாவி ஆயிற்றே, நடு மத்தியானத்தில் அடித்தேன். களை செத்தது, கூடவே பீட்ரூட் இலையெல்லாம் மஞ்சளித்துச் சுருண்டது. நுண்ணூட்டம் தெளித்தால் தேறும் என்று நீ அனுப்பிய போரான், மாங்கனீசுப் பொட்டலத்தை, செடிக்கு டானிக்கா, விற்கிறவன் பிழைக்கிற வழி என்று சொல்லிப் பிரிக்காமலே அலமாரிக்கு மேலே எறிந்தேன். மொத்தத்தையும் உழுதுவிடலாம் என்று டிராக்டர்காரரிடம் சொல்லியாயிற்று. இதற்கு நடுவில் உன் அம்மா திடீரென்று சாயங்கால நடை போக ஆரம்பித்தாள், முட்டி வலிக்கு நல்லதாம். நானும் முடிவெட்டுகிறவரிடம், என் வீட்டுக்காரி இளைக்கப் போகிறாள் பாருங்கள் என்று பீற்றிக்கொண்டேன்.

நேற்று டிராக்டர் வந்து வரப்போரம் நிற்கிறது. கடைசியாக ஒரு தடவை முகம் பார்த்துவிடலாம் என்று வயலுக்குள் இறங்கினேன். மற்றதெல்லாம் வாடிக் கிடக்க, கிணற்றோரம் பன்னிரண்டு வரிசை மட்டும் நடுக்குருத்து பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நிற்கிறது. யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்று விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தேன், சிரிக்காதே. டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, "என்னண்ணே, உழவா வேண்டாமா, இல்ல செடிகிட்ட கேட்டுச் சொல்றீங்களா" என்றார். வீட்டுக்கு ஓடினேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, "சாயங்காலம் நடைன்னு சொல்லிட்டுப் போய் நான்தான் அடிச்சேன், ஸ்பிரேயரை முதுகுல மாட்டிக்கிட்டு அதுக்கு மேல முடியல, பன்னெண்டோட நிறுத்திட்டேன்" என்கிறாள். பொட்டலத்துக்குள் அவள் பெயருக்கு நீ வைத்திருந்த சீட்டையும் நீட்டினாள். எத்தனை கிராமுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று எழுதி, அடியில் "அப்பா எப்படியும் தொட மாட்டார், நீயே அடிச்சிடும்மா, அவர்கிட்ட சொல்லாதே" என்று உன் கையெழுத்து. பச்சை வரிசையைவிட அந்த 'எப்படியும்'தான் என்னை உட்கார வைத்துவிட்டது. கோபப்படலாம் என்று பார்த்தேன், யோசித்தால் தொட்டிருக்க மாட்டேன்தான்.

டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மற்ற வரிசைகளிலும் குருத்து முழுதாகக் கருகவில்லை, பொட்டலத்தில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது, இன்று வெயில் தணிந்ததும் ஸ்பிரேயர் என் முதுகில். எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு. ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த சீட்டை என் பெயருக்கு எழுது. முதலில் முடியாது என்றுதான் சொல்வேன், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. இந்தச் சீட்டு இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மத்தியான வெயில் மேதாவி,
உன் அப்பா